முடிவு தெரிந்த கதைகள்

"கடைசியில் ரெண்டு பேரும் சேர்ந்துவிடுவார்கள் என்று முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடுகிறதே, அப்புறம் எதற்கு முந்நூறு பக்கம்?" ஆணும் ஆணும் காதலிக்கும் கே காதல் நாவல்களைப் படித்து விமர்சனம் எழுதுகிறவன் நான் என்று தெரிந்த நண்பர்கள் ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் இதைக் கேட்டுவிடுவார்கள். கேலியாகக் கேட்பதில்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்கிறார்கள்.

என் பெரியம்மாவிடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. அவர் ரமணிசந்திரன் வாசகி. கதாநாயகன் முதல் அத்தியாயத்தில் எவ்வளவு கடுகடுவென்று இருந்தாலும் கடைசி அத்தியாயத்தில் கனிந்துவிடுவான் என்று அவருக்குத் தெரியும். தெரிந்துதான் அடுத்த புத்தகத்தை எடுப்பார். "எப்படிச் சேத்து வெக்கிறாங்கன்னு பாக்கணும்ல" என்பார். அமெரிக்கக் காதல் நாவலாசிரியர்களின் சங்கமான 'ரொமான்ஸ் ரைட்டர்ஸ் ஆஃப் அமெரிக்கா' இந்த வகைக்கு இரண்டே நிபந்தனைகள் விதித்தது. காதல்தான் கதையின் மையமாக இருக்க வேண்டும். முடிவு நம்பிக்கை தருவதாக, மனம் நிறைவதாக இருக்க வேண்டும். பெரியம்மா சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான். துப்பறியும் கதையில் கொலைகாரன் பிடிபடுவான் என்று தெரிந்தே படிக்கிறோம். அதை யாரும் குறையாகச் சொல்வதில்லை.

ஆனால் இரண்டு ஆண்கள் காதலிக்கும் கதைக்கு இந்த வாக்குறுதி சும்மா கிடைத்துவிடவில்லை. அது தெரியாமல் இந்த நாவல்களை எடைபோடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

ஆங்கில நாவலாசிரியர் ஈ.எம். ஃபார்ஸ்டர் 'மாரிஸ்' நாவலை 1913-இல் தொடங்கி 1914-இல் முடித்தார். அது அச்சில் வந்தது 1971-இல், அவர் இறந்து ஓராண்டு கழித்து. இடைப்பட்ட காலமெல்லாம் கையெழுத்துப் பிரதியாக நெருங்கிய நண்பர்களின் கைகளில் மட்டும் சுற்றியது. நாவலோடு சேர்த்து அச்சிடப்படும் ஒரு பின்குறிப்பை 1960-இல் எழுதினார். மகிழ்ச்சியான முடிவு கட்டாயம் வேண்டும் என்று ஆரம்பத்திலேயே தீர்மானித்துவிட்டதாகவும், கதையிலாவது இரண்டு ஆண்கள் காதலித்து அப்படியே சேர்ந்து வாழட்டும் என்று பிடிவாதமாக இருந்ததாகவும் அதில் சொல்கிறார். பையன் தூக்கில் தொங்குவது போலவோ, இருவரும் தற்கொலை செய்துகொள்வது போலவோ முடித்திருந்தால் ஒரு சிக்கலும் வந்திருக்காது என்றும் எழுதுகிறார். நண்பர் லிட்டன் ஸ்ட்ராச்சிக்கு இந்த முடிவில் நம்பிக்கை இல்லை. இந்த உறவு நாளாவட்டத்தில் நிலைக்காது என்றார். ஃபார்ஸ்டர் முதலில் ஒரு பின்னுரை அத்தியாயமும் எழுதியிருந்தார். சில வருடங்கள் கழித்து மாரிஸின் தங்கை கிட்டி காட்டில் மரம் வெட்டும் இருவரை, மாரிஸையும் அவன் காதலனையும், சந்திக்கிறாள் என்று. படித்த யாருக்கும் பிடிக்காததால் அதை எடுத்துவிட்டார். கதை 1912 வாக்கில் நடக்கிறது. சில வருடம் தள்ளினால் முதல் உலகப் போருக்குள் போய் விழும். அந்த இருவரையும் அதற்குள் கொண்டுபோக அவருக்கு மனம் வரவில்லை என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

அந்த நாவலில் நான் திரும்பத் திரும்பப் போகும் இடம் சவுத்தாம்ப்டன் துறைமுகம். மாரிஸின் காதலன், வேட்டைக்காட்டுக் காவலாளான அலெக் ஸ்கடர், அர்ஜென்டினாவுக்குக் கப்பலேற வேண்டிய நாள். வழியனுப்ப மாரிஸ் வந்து நிற்கிறான். அலெக்கின் அப்பா, அம்மா, அண்ணன் எல்லாரும் இருக்கிறார்கள். அலெக் மட்டும் வரவில்லை. பயணச்சீட்டுப் பணம் போகிறது, அண்ணன் ஏற்பாடு செய்த வேலை போகிறது, குடும்பம் பதறுகிறது. மாரிஸுக்கு மட்டும் மெல்ல விளங்குகிறது. இங்கே ஒரு காதல் வசனமும் இல்லை. காதலனே காட்சியில் இல்லை. சாதாரண வீட்டுப் பையன் ஒருவன் தன் ஒரே பிழைப்பைக் கைவிட்டான் என்ற செய்தி மட்டும்தான் வருகிறது. முடிவு தெரிந்த கதையை எப்படி எழுதுவது என்று யாராவது கேட்டால் இந்தப் பக்கங்களைக் காட்டுவேன்.

சோக முடிவு என்பது இயல்பாக வந்த இலக்கிய ரசனை என்று சிலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பல சமயம் அது தபால்துறைக்குப் பயந்து வந்தது. அமெரிக்காவில் மரிஜேன் மீக்கர் 1952-இல் வின் பாக்கர் என்ற புனைபெயரில் இரண்டு பெண்களின் காதலை எழுதியபோது, இது மகிழ்ச்சியாக முடியக் கூடாது என்று பதிப்பாசிரியர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். தன்பால் காதலை நல்லபடியாகக் காட்டும் புத்தகத்தை ஆபாசம் என்று சொல்லித் தபாலில் பறிமுதல் செய்யலாம் என்ற நிலை. அதே 1952-இல் பாட்ரீசியா ஹைஸ்மித்தும் க்ளேர் மார்கன் என்ற புனைபெயரில் ஒரு நாவல் வெளியிட்டார். அதன் முடிவில் ஒரு பெண் தான் காதலிக்கும் பெண்ணை நோக்கி நம்பிக்கையோடு நடந்து போகிறாள். வாசகர்களின் கடிதங்கள் மாதக்கணக்கில் வந்துகொண்டே இருந்தன என்று பின்னாளில் எழுதினார். அந்தப் புத்தகத்தில் தன் சொந்தப் பெயரைப் போட அவருக்கு 1990 வரை ஆனது. 'ஒன்' என்ற தன்பாலீர்ப்பாளர் பத்திரிகை ஆபாசமல்ல, அதைத் தபாலில் அனுப்பலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது 1958-இல்.

ஆகவே இன்றைக்கு ஒரு கே காதல் நாவலின் பின்னட்டையைப் பார்த்து, இருவரும் சேர்ந்துவிடுவார்கள் என்று நிம்மதியாக வாங்க முடிகிறதென்றால் அதைச் சின்ன விஷயமாக என்னால் நினைக்க முடியவில்லை. ஷியாம் செல்வதுரையின் 'ஃபன்னி பாய்' நாவலைக் கல்லூரிக் காலத்தில் படித்தேன். கொழும்புத் தமிழ்ப் பையன் அர்ஜி, சிங்களப் பையன் ஷெஹான். 1983 கலவரத்துக்குப் பிறகு அர்ஜியின் குடும்பம் கனடாவுக்குப் போக, இருவரும் பிரிகிறார்கள். மிகச் சிறந்த நாவல், காலமெல்லாம் என்னோடு இருக்கும். ஆனால் அது காதல் நாவல் அல்ல. எதையும் வாக்குறுதி தராத நாவல். இரண்டு வகையும் எனக்கு வேண்டும். ஒன்றை இலக்கியம் என்றும் இன்னொன்றைப் பொழுதுபோக்கு என்றும் பிரித்து வைப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

சரி, விமர்சனத்துக்கு வருகிறேன். இந்த நாவல்களைப் பற்றி வரும் மதிப்புரைகளில் பாதி "இது முக்கியமான புத்தகம்", "காலத்தின் தேவை" என்ற அளவில் முடிந்துவிடுகின்றன. எழுதுபவர்கள் நல்ல மனதோடுதான் எழுதுகிறார்கள். ஆனாலும் எனக்கு அது ஒருவிதமான ஒதுக்கலாகவே படுகிறது. பரிதாபப்பட்டுப் போடும் மதிப்பெண் போல. ஒரு ஆணும் பெண்ணும் காதலிக்கும் கதையில் உரையாடல் சொதப்பினால் சொல்கிறோம், நடுவில் தொய்ந்தால் சொல்கிறோம், வில்லன் மட்டமாக இருந்தால் சொல்கிறோம். இங்கே மட்டும் ஏன் வாயை மூடிக்கொள்ள வேண்டும்? ஒரு கே ஆணாக எனக்கு இந்தப் புத்தகங்கள் முக்கியம்தான். முக்கியம் என்பதால்தான் அவை நன்றாக எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பார்க்கிறேன்.

நான் முதலில் கவனிப்பது தடையை. இருவரையும் எது பிரித்து வைக்கிறது? சோம்பேறித்தனமாக எழுதப்பட்ட நாவலில் அது ஒரு தப்பெண்ணமாக இருக்கும். பாதி கேட்ட தொலைபேசிப் பேச்சு, தவறாகப் புரிந்துகொண்ட ஒரு குறுஞ்செய்தி, இப்படி ஏதாவது. ஐந்து நிமிடம் உட்கார்ந்து பேசினால் தீர்ந்துபோகும் விஷயத்துக்காக எண்பது பக்கம் அழுகை. இன்னொரு வகைச் சோம்பேறித்தனமும் உண்டு: வெளியே நிற்கும் சமூக வெறுப்பை ஒரு சுவர் மாதிரி நட்டுவைத்துவிட்டு, காதலர்கள் இருவரையும் ஒரு குறையுமில்லாத தங்கங்களாக விட்டுவிடுவது. வெறுப்பு இல்லை என்று நான் சொல்லவில்லை. அந்த வெறுப்பு இந்த ஒரு மனிதனுக்குள் புகுந்து அவனை எப்படி ஆக்கி வைத்திருக்கிறது என்று எழுத்தாளர் காட்ட வேண்டும்.

கனடாவின் ரேச்சல் ரீட் எழுதிய 'ஹீட்டட் ரைவல்ரி' 2019-இல் வந்தது. 2025 கடைசியில் தொலைக்காட்சித் தொடராகி உலகம் முழுக்கப் பேசப்பட்டது. ஐஸ் ஹாக்கி ஆட்டக்காரர்கள் இருவர். மான்ட்ரியல் அணியின் ஷேன் ஹாலண்டர், பாஸ்டன் அணியின் இல்யா ரோசனோவ். ஊருக்கெல்லாம் பரம வைரிகள். ஆனால் வருடக்கணக்காக ஓட்டல் அறைகளில் ரகசியமாகச் சந்திக்கிறார்கள். ஹாக்கி எனக்குச் சுத்தமாகத் தெரியாது. தெரிய வேண்டிய ஒரே விஷயம் இதுதான்: வட அமெரிக்காவின் மிகப் பெரிய லீகான என்.ஹெச்.எல்.லில் ஆடிக்கொண்டிருக்கும் காலத்தில் தன்னை கே என்று வெளிப்படையாகச் சொன்ன வீரர் இதுவரை ஒருவர்கூட இல்லை. நாஷ்வில் அணி தேர்ந்தெடுத்து ஒப்பந்தம் செய்திருந்த இளம் வீரர் லூக் ப்ரோகாப் 2021 ஜூலையில் சொன்னார், அதுவே அந்த லீகின் ஒப்பந்தத்தில் இருந்த ஒருவர் சொன்ன முதல் முறை. ஹாக்கிக் காதல் நாவல்கள் ஒரு தனி வகையாகவே பெருகிக் கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். நிஜத்தில் நடக்காதது கதையில் நடக்கட்டும் என்று ஃபார்ஸ்டர் நினைத்தாரே, அதே ஆசை.

தொடரில் ஒரு காட்சி. இல்யாவின் அப்பா இறந்துவிட்டார். மாஸ்கோவிலிருந்து ஷேனை அழைக்கிறான். மனம் நிறைய இருக்கிறது, ஆங்கிலத்தில் வரவில்லை. ரஷ்ய மொழியிலேயே சொல்லு, எனக்குப் புரியாவிட்டால் பரவாயில்லை என்கிறான் ஷேன். இல்யா பேசுகிறான். குடும்பத்தைப் பற்றி, களைப்பைப் பற்றி, கடைசியில் ஷேனை நேசிப்பதைப் பற்றியும். நமக்குத் திரையில் மொழிபெயர்ப்பு ஓடுகிறது. மறுமுனையில் காதை வைத்துக்கொண்டிருக்கும் ஷேனுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. குரல் மட்டும்தான் போய்ச் சேர்கிறது. காதலைச் சொல்லியும் ஆகிவிட்டது, சொல்லாமலும் இருக்கிறது. இருவருக்கும் நடுவே இருக்கும் தடை தப்பெண்ணம் அல்ல, ரஷ்யாவில் பிறந்த ஒருவனுடைய பயம் என்று இந்த ஒரு காட்சியிலேயே விளங்கிவிடுகிறது. முடிவு தெரிந்தும் தொண்டை அடைக்கிறதென்றால் எழுத்து வேலை செய்திருக்கிறது என்று அர்த்தம்.

இந்த நாவலில் உடலுறவுக் காட்சிகள் நிறைய உண்டு. மதிப்புரையில் அதை மறைத்துப் பேசுவதில் எனக்குச் சம்மதமில்லை. அந்தக் காட்சிகள் கதையை நகர்த்துகின்றனவா, இல்லை கதையை நிறுத்திவிட்டு நடக்கின்றனவா என்று சொல்ல வேண்டியது விமர்சகனின் வேலை. இங்கே உடல்தான் முதலில் வருகிறது, பேச்சு பின்னால் வருகிறது. அந்த அறைகளை எடுத்துவிட்டால் இவர்கள் எப்படி மாறினார்கள் என்பதே தெரியாமல் போகும்.

இதற்கு நேர்மாறாக கேட் செபாஸ்டியனின் 'யூ ஷுட் பி ஸோ லக்கி', 2024-இல் வந்தது. கதை 1960-இல் நியூயார்க்கில் நடக்கிறது. திடீரென்று பந்தை அடிக்கவே முடியாமல் தவிக்கும் பேஸ்பால் ஆட்டக்காரன் எடி, அவனைப் பற்றி எழுத அனுப்பப்படும் பத்திரிகைக்காரன் மார்க். மார்க்கோடு சேர்ந்து வாழ்ந்த வில்லியம் இறந்து சில காலம்தான் ஆகிறது. ஆனால் அப்படியொரு இழப்பு நேர்ந்தது என்பதே வெளியே தெரியக் கூடாது. துக்கம் விசாரிக்க யாரும் வரமாட்டார்கள். அலுவலகத்தில் விடுப்புக் கேட்கக் காரணம் சொல்ல முடியாது. நம் ஊரில் துக்க வீட்டுக்கு யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று வருடக்கணக்கில் நினைவு வைத்திருப்போம். வரவே முடியாத ஒரு துக்க வீட்டைக் கற்பனை செய்து பாருங்கள். செபாஸ்டியன் இதைக் கூச்சல் போட்டு எழுதவில்லை. ஆடத் தெரிந்தும் ஆட முடியாமல் போன எடியும், எழுதத் தெரிந்தும் எழுதாமல் இருக்கும் மார்க்கும் ஒருவரை ஒருவர் கொஞ்சம் கொஞ்சமாக எழுப்பி உட்காரவைக்கிறார்கள். இந்த நாவலில் பெரிய சம்பவமே இல்லை என்று சிலர் குறை சொன்னார்கள். எனக்கு அந்த நிதானம்தான் பிடித்தது.

பிரபலமான எல்லாமே எனக்கு உவப்பாக இருந்ததில்லை. கேஸி மக்விஸ்டனின் 'ரெட், ஒயிட் அண்ட் ராயல் ப்ளூ' 2019-இல் பெரும் வெற்றி பெற்றது. அமெரிக்க ஜனாதிபதியின் மகனும் பிரிட்டிஷ் இளவரசனும். முதல் பாதி, அதிலும் இருவரும் மாறி மாறி எழுதும் மின்னஞ்சல்கள், அவ்வளவு அழகு. பிறகு அந்த மின்னஞ்சல்கள் கசியவிடப்படுகின்றன. ஒருவர் தன்னைப் பற்றித் தானே சொல்லும் உரிமையைப் பிடுங்குவது எத்தனை பெரிய கொடுமை என்று நாவல் உணர்ந்தே எழுதுகிறது. ஆனால் அதிலிருந்து மீள்வது மட்டும் ரொம்பச் சுலபமாக நடந்துவிடுகிறது. ஊரே திரண்டு வந்து கைதட்டுகிறது, தேர்தலும் ஜெயித்தாகிவிடுகிறது. அந்தக் காயம் ஆற இன்னும் ஐம்பது பக்கமாவது கொடுத்திருக்க வேண்டும். அலெக்ஸிஸ் ஹாலின் 'பாய்ஃபிரெண்ட் மெட்டீரியல்' சிரிப்புக் கதைதான். ஆனால் அதில் வரும் பிரிவு எனக்கு முழுக்க நம்பும்படி இருந்தது. எல்லாம் ஒழுங்காகச் செய்யும் வக்கீல் ஆலிவர், அப்பா அம்மாவின் கல்யாண நாள் விருந்தில் மட்டம் தட்டப்படுகிறான். அவனுக்காக அவன் காதலன் லூக் எழுந்து பேசுகிறான். அதன் பிறகு ஆலிவர்தான் உறவை முறிக்கிறான். தனக்காக ஒருவர் பேசியதையே தாங்க முடியாத பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த நாவல்கள் ஏராளமாக மின்நூலாக, பெரிய பதிப்பகம் இல்லாமல் எழுத்தாளர்களே வெளியிடுபவை. அமேசானின் மின்நூல் சந்தாத் திட்டமான கிண்டில் அன்லிமிடெட் 2015 முதல் படிக்கப்படும் பக்கங்களின் கணக்கில்தான் பணம் தருகிறது. அதற்குத் தந்த மின்நூலை வேறு கடையில் விற்கவும் கூடாது. நூற்றைம்பது பக்கத்தில் முடிய வேண்டிய கதை நானூறு பக்கத்துக்கு இழுபடுவதைப் பார்க்கும்போது எனக்கு அந்தக் கணக்கு நினைவுக்கு வரும். எழுத்தாளரைத் திட்டத் தோன்றாது. வயிற்றுப்பாடு. ஆனால் வாசகரிடம் "நடுவில் தொய்கிறது" என்று சொல்லியாக வேண்டும். வெளியீட்டுக்கு முன் இலவசப் பிரதி வாங்கிப் படிக்கும் எல்லாருக்கும் இந்தச் சங்கடம் தெரியும். எழுதியவர் நல்லவர், நம்மவர், சின்ன அளவில் விற்பவர். ஐந்து நட்சத்திரம் போட்டுவிட்டால் எல்லாருக்கும் சந்தோஷம். ஆனால் அந்த ஐந்தை நம்பிக் காசு கொடுத்து வாங்கும் இன்னொரு பையனை நினைத்துக்கொண்டுதான் நான் எழுதுகிறேன்.

எழுதியவர் ஆணா பெண்ணா, கே-யா இல்லையா என்ற சண்டையில் நான் சேர்வதில்லை. இந்த வகையில் எழுதுபவர்களில் பெண்கள் ஏராளம். கே வாழ்க்கை தெரியாமல் எழுதினால் எழுதிய பக்கத்திலேயே தெரிந்துவிடும், அதைச் சொன்னால் போதும். கே பையன்களின் காதலை எழுதத் 'தகுதியில்லாதவர்' என்று வருடக்கணக்கில் வசை வாங்கிய எழுத்தாளர் பெக்கி ஆல்பர்டாலி 2020-இல், தானும் இருபாலீர்ப்பு கொண்டவர்தான் என்று சொல்ல வேண்டிய கட்டாயத்துக்கு ஆளானார். இப்படிச் சொல்ல நேர்ந்ததன் வலியையும் எழுதினார். ஒருவரைப் பலவந்தமாக வெளிப்படுத்துவது கொடுமை என்று கதையில் படித்து அழுகிற நாமே அதை எழுத்தாளருக்குச் செய்யக் கூடாது.

இந்தப் புத்தகங்களுக்கு இன்னும் எதிரிகள் இருக்கிறார்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது. ரஷ்யாவில் எலேனா மலிசோவாவும் கத்தரீனா சில்வனோவாவும் சேர்ந்து எழுதிய ஒரு நாவல் இணையத்தில் தொடங்கி 2021-இல் புத்தகமானது. 1986-இல் ஒரு சோவியத் கோடைக்கால முகாமில் துளிர்த்த காதலை ஒருவன் பல வருடம் கழித்து நினைத்துப் பார்க்கும் கதை. இரண்டு லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. 2022 டிசம்பரில் 'தன்பாலீர்ப்புப் பிரச்சாரத்துக்கு' எதிரான சட்டத்தை எல்லா வயதினருக்கும் விரித்தார்கள். அதற்கான விவாதத்தில் இந்த நாவலின் பெயர் அடிபட்டது. எழுதிய இருவரும் நாட்டை விட்டு வெளியேறினார்கள். 2025 மே மாதம் பதிப்பகத்தோடு தொடர்புடையவர்களைக் காவல்துறை பிடித்துக்கொண்டு போனது. ஹங்கேரியில் 2023-இல் ஒரு புத்தகக் கடைக்கு 1.2 கோடி ஃபோரின்ட் அபராதம். குற்றம், ஆலிஸ் ஓஸ்மனின் 'ஹார்ட்ஸ்டாப்பர்' வரைகதையைப் பிளாஸ்டிக் உறை போட்டு மூடாமல் விற்றது.

எனக்கு இன்னும் ஒரு தீராத சிக்கல் இருக்கிறது. அமெரிக்காவில் தன்பால் திருமணம் நாடு முழுக்கச் சட்டமான 2015-க்குப் பிறகு வந்த நாவல்களில் பின்னுரை என்றால் கல்யாணம்தான். கதையாக மட்டும் பார்த்தால் பெரும்பாலும் அந்த அத்தியாயம் வேண்டாததுதான். கதை அதற்கு முன்பே முடிந்திருக்கும். விமர்சனத்தில் அப்படித்தான் எழுதுகிறேன். ஆனால் 2018 செப்டம்பர் 6 அன்று தன்பால் உறவைக் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவு விழுந்ததை டிவியில் பார்த்தவன் நான். 2023 அக்டோபர் 17 அன்று திருமண உரிமையைத் தர உச்ச நீதிமன்றம் மறுத்ததையும் பார்த்தேன். 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், திருமணம் மட்டும்தான் குடும்பத்துக்கு வழி என்பதில்லை, தாங்களே தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பம்தான் என்று ஒரு பெண் இணையின் வழக்கில் சொன்னபோது அந்தத் தீர்ப்பைக் கதை படிப்பது போல வரிவரியாகப் படித்தேன். அதனால் பின்னுரையில் யாரோ ஒருவர் மோதிரத்தை எடுக்கும்போது, தேவையில்லாத அத்தியாயம் என்று ஒருபக்கம் தோன்ற, இன்னொருபக்கம் அந்த அத்தியாயத்தைத்தான் மறுபடி படிக்கிறேன். இரண்டையும் மதிப்புரையில் எழுதிவிடுகிறேன். படிப்பவர்கள் தங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளட்டும்.

எங்கே தொடங்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் 'யூ ஷுட் பி ஸோ லக்கி'யைத்தான் கொடுப்பேன். பேஸ்பால் தெரிய வேண்டியதில்லை, ஆங்கிலமும் எளிது. படுக்கையறைக் காட்சிகள் சங்கடமில்லை என்றால் அடுத்து ரீட். தொடரைப் பார்த்திருந்தாலும் புத்தகத்தைப் படிக்கலாம். 'மாரிஸ்' கொஞ்சம் பொறுத்து வரட்டும். ஃபார்ஸ்டரின் பின்குறிப்பு சேர்ந்திருக்கும் பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள். முதலிலேயே புரட்டிப் பார்க்காமல் நாவலை முடித்துவிட்டு அதைப் படியுங்கள்.